புதுத் தங்கமீன் தொட்டியும் சிங்கப்பூர்க் குழாய்த் தண்ணீரும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வாங்கிய பத்து நாளில் தங்கமீன் செத்துப்போனால் "சீக்கு மீனைக் கொடுத்துவிட்டான்" என்று கடைக்காரர்மேல் பழி விழுகிறது. பெரும்பாலும் குற்றவாளி தண்ணீர்தான். அதுவும் கண்ணுக்குப் பளிங்குபோலத் தெரிகிற தண்ணீர். கீழே உள்ள கணக்குகளுக்கு, 60 லிட்டர் தண்ணீர் நிற்கும் சாதாரண 2 அடித் தொட்டியை எடுத்துக்கொண்டிருக்கிறோம். உங்கள் தொட்டி வேறு அளவென்றால் அதற்கேற்பக் கூட்டிக் குறைத்துக்கொள்ளுங்கள்.

நேற்றுத் தொட்டி வாங்கினோம், ஃபில்டர் ஓடுகிறது, தண்ணீரும் தெளிவாக இருக்கிறது. இன்றைக்கே மீன் விடலாமா?

விடக்கூடாது. தங்கமீன் செவுள் வழியாக நாள் முழுக்க அம்மோனியாவை வெளியேற்றிக்கொண்டே இருக்கும். அம்மோனியாவை நைட்ரைட்டாகவும், நைட்ரைட்டை நைட்ரேட்டாகவும் மாற்ற இரண்டு வகை பாக்டீரியாக்கள் வேண்டும். இவை ஃபில்டர் ஸ்பாஞ்சிலும் செராமிக் வளையங்களிலும் ஒட்டி வளர்பவை. புது ஃபில்டரில் இவை இல்லை என்றே வைத்துக்கொள்ளலாம். வெறும் ஃபில்டரை ஒரு வாரம் ஓடவிட்டுக் காத்திருப்பதால் பயன் இல்லை. பாக்டீரியாவுக்குச் சாப்பாடு அம்மோனியா. அது இல்லாத தொட்டி ஒரு மாதம் ஓடினாலும் முதல் நாள் இருந்த நிலையில்தான் இருக்கும்.

இரண்டு குட்டி மீன்தானே, அவ்வளவு அம்மோனியா வந்துவிடுமா?

தீனியை வைத்துக் கணக்குப் போடலாம். 40 சதவீதப் புரதம் உள்ள தீனி 1 கிராம் போட்டால், ஏறத்தாழ 37 மில்லிகிராம் அம்மோனியா நைட்ரஜன் தண்ணீருக்குள் வரும். 60 லிட்டரில் இது 0.6 பிபிஎம், அதாவது லிட்டருக்கு 0.6 மில்லிகிராம். ஒரு நாளைக்கு மட்டும் இவ்வளவு. மூன்றாம் நாள் தண்ணீரைச் சோதிக்கும் டெஸ்ட் கிட்டில் 2 பிபிஎம் நிறம் காட்டினால் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை. 1 கிராம் என்பது கால் தேக்கரண்டிக்குச் சற்றுக் கூடுதலான குருணைத் தீனிதான். பிள்ளைகள் ஆளுக்கொரு சிட்டிகை போட்டால் அந்த அளவு வந்துவிடும்.

தொட்டி அளவைப் பற்றியும் ஒரு வார்த்தை. ரன்சூ, ஒராண்டா போன்ற உருண்டை வகைகள் வளர்ந்தால் 15 சென்டிமீட்டரைத் தாண்டும். முதல் மீனுக்கு 80 லிட்டர், அடுத்தடுத்த ஒவ்வொன்றுக்கும் 40 லிட்டர் என்பது நடைமுறைக்கு ஒத்துவரும் கணக்கு. 2 அடித் தொட்டி ஒரு குட்டி ஒராண்டாவைச் சில மாதம் வைத்துக்கொள்ளத்தான் சரி. கண்ணாடிக் கிண்ணத்தைப் பற்றிப் பேசவே வேண்டாம்.

ஊரில் தண்ணீரை ஒரு ராத்திரி வாளியில் பிடித்து வைத்துவிட்டு ஊற்றுவார்கள். இங்கேயும் அப்படிச் செய்தால் போதாதா?

போதாது. வெறும் குளோரின் கலந்த தண்ணீர் என்றால், திறந்த வாளியில் ஒரு நாள் வைத்தால் குளோரின் பறந்துவிடும். ஆனால் பொதுப் பயனீட்டுக் கழகம் இங்கே குழாயில் அனுப்பும் தண்ணீரில் இருப்பது குளோரமைன். குளோரினும் அம்மோனியாவும் சேர்ந்த கூட்டு அது. நீண்ட தூரம் குழாயில் ஓடியும் கிருமிகொல்லும் தன்மை குறையக்கூடாது என்பதற்காகவே அதைச் சேர்க்கிறார்கள். அது ஒரு ராத்திரியில் போகாது.

வாளியில் பிடித்து வைப்பதில் வேறொரு சங்கடமும் உண்டு. திறந்த வாளித் தண்ணீர் ஏடிஸ் கொசுவுக்கு அழைப்பு வைத்ததுபோல. பிடித்து வைத்தே ஆகவேண்டும் என்றால் மூடி வையுங்கள்.

அப்படியானால் என்ன போடவேண்டும், எவ்வளவு?

கடையில் "ஆன்டி-குளோரின்" என்று கேட்டால் இரண்டு விதமானவற்றைத் தருவார்கள். ஒன்று சோடியம் தயோசல்பேட் படிகம் அல்லது கரைசல். இது குளோரினை முறித்துவிடும். ஆனால் குளோரமைன் உடையும்போது மிஞ்சும் அம்மோனியாவை விட்டுவிடும். மற்றொன்று குளோரமைனை உடைத்து, அந்த அம்மோனியாவையும் கொஞ்ச நேரம் கட்டிப்போடும் கண்டிஷனர். புதுத் தொட்டிக்கு இந்த இரண்டாவது வகைதான் வேண்டும். போத்தலில் "குளோரமைன்", "அம்மோனியா" ஆகிய இரண்டு சொற்களும் இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள்.

சீகெம் பிரைம் என்ற கண்டிஷனர் என்றால் 200 லிட்டருக்கு 5 மில்லி. அதாவது 60 லிட்டருக்கு 1.5 மில்லி, 15 லிட்டர் வாளிக்கு 0.4 மில்லி. மூடியில் ஊற்றிக் கண்ணால் அளக்கவேண்டாம்; மருந்துக்கடையில் கிடைக்கும் 1 மில்லி சிரிஞ்ச் இந்த வேலைக்கு அருமையானது.

வாளியில் கலந்து ஊற்றினால் வாளித் தண்ணீருக்கு மட்டும் மருந்து போட்டால் போதும். குழாயிலிருந்து ஹோஸ் வழியாக நேராகத் தொட்டிக்குள் விடுகிறீர்கள் என்றால் முழுத் தொட்டிக்கும் உரிய அளவைப் போடவேண்டும், அதையும் தண்ணீர் விடுவதற்கு முன்பே போடவேண்டும்.

கண்டிஷனர் போட்ட புதுத் தண்ணீரிலேயே அம்மோனியா 0.25 காட்டுகிறதே, கிட் கெட்டுவிட்டதா?

கிட் சரியாகத்தான் இருக்கிறது. அது குளோரமைனிலிருந்து வந்த அம்மோனியா. கண்டிஷனர் கட்டிப்போட்ட அம்மோனியாவையும் கிட் சேர்த்தே காட்டும். ஆகவே முதல் வேலையாக, வெறும் குழாய்த் தண்ணீரில் கண்டிஷனர் போட்டு ஒருமுறை அளந்து எழுதிவைத்துக்கொள்ளுங்கள். அது 0.25 காட்டினால், பழகாத, அதாவது ஃபில்டரில் பாக்டீரியா வளராத புதுத் தொட்டியில் எத்தனை முறை தண்ணீர் மாற்றினாலும் அதற்குக் கீழே இறங்காது. இது தெரியாமல் ஒரே நாளில் நான்கு முறை தண்ணீரை மாற்றி மீனைப் பாடாய்ப்படுத்துகிறவர்கள் உண்டு. பழகிய ஃபில்டர் அந்த 0.25ஐச் சில மணி நேரத்தில் தின்றுவிடும்.

மீன் விடாமல் தொட்டியைப் பழக்குவது எப்படி?

தண்ணீர் நிரப்பிக் கண்டிஷனர் போட்டு, ஃபில்டரையும் ஏர் பம்பையும் இரவு பகலாக ஓடவிடுங்கள். பாக்டீரியாவுக்குச் சாப்பாடாக அம்மோனியம் குளோரைடு போடவேண்டும். 60 லிட்டருக்கு 0.4 கிராம் போட்டால் அம்மோனியா ஏறத்தாழ 2 பிபிஎம் வரும். 0.4 கிராமை வீட்டுத் தராசில் அளக்க முடியாது. 10 கிராமை அரை லிட்டர் தண்ணீரில் கரைத்து, பெயர் எழுதி, பிள்ளைகளுக்கு எட்டாத இடத்தில் வையுங்கள். அதிலிருந்து 20 மில்லி எடுத்தால் 0.4 கிராம்.

முதல் ஒரு வாரம் அல்லது பத்து நாள் ஒன்றும் நடக்காததுபோல இருக்கும். பிறகு அம்மோனியா இறங்கி நைட்ரைட் ஏறும். அம்மோனியா 0.5க்குக் கீழே வரும்போது மறுபடி 10 மில்லி மட்டும் போடுங்கள். நம் வீடுகளில் தண்ணீர் 28 முதல் 30 டிகிரியில் இருப்பதால் ஹீட்டர் தேவையில்லை. பாக்டீரியாவுக்கு இந்தச் சூடு பிடிக்கும். மூன்றிலிருந்து ஆறு வாரம் வரை ஆகலாம்.

20 மில்லி போட்டு 24 மணி நேரத்தில் அம்மோனியாவும் நைட்ரைட்டும் இரண்டுமே பூஜ்யம் காட்டினால் தொட்டி தயார். நைட்ரேட் அப்போது ஏகத்துக்கு ஏறியிருக்கும். 80 சதவீதத் தண்ணீரை மாற்றிவிட்டு அன்றே அல்லது மறுநாளே மீனை விடுங்கள். ஒரு வாரம் சும்மா போட்டால் பாக்டீரியா பட்டினி கிடக்கும்.

குறுக்குவழி ஒன்று உண்டு, அதுவே எங்கள் முதல் சிபாரிசு. நண்பர் வீட்டில் நோயில்லாமல் பல மாதம் ஓடும் தொட்டியிலிருந்து பழைய ஸ்பாஞ்ச் ஒன்றையோ ஒரு கை செராமிக் வளையங்களையோ கேட்டு வாங்குங்கள். அந்தத் தொட்டித் தண்ணீரிலேயே நனைத்துப் பையில் போட்டு, காய்வதற்குள் வீட்டுக்குக் கொண்டுவந்து உங்கள் ஃபில்டரில் வைத்தால் ஒரு மாத வேலை ஒரு வாரமாகச் சுருங்கும். பழைய தண்ணீரைக் கொண்டுவருவதால் பயனில்லை, பாக்டீரியா தண்ணீரில் மிதப்பதில்லை.

போத்தல் பாக்டீரியா வாங்கினால்?

சிலவற்றில் பலன் தெரிகிறது, சிலவற்றில் தெரிவதில்லை. வெயிலில் கிடந்த போத்தலா, எவ்வளவு நாளானது என்பதெல்லாம் வெளியே தெரியாது. போடுவதானால் கண்டிஷனர் போட்ட பிறகு, நேராக ஸ்பாஞ்சின்மேல் ஊற்றுங்கள். போட்டுவிட்டோம் என்ற தைரியத்தில் டெஸ்ட் பார்ப்பதை நிறுத்திவிடுவதுதான் ஆபத்து.

மூன்று வாரமாக நைட்ரைட் இறங்கவே இல்லை. எங்கே தவறு?

அநேகமாகத் தவறே இல்லை. 2 பிபிஎம் அம்மோனியா முழுவதும் மாறினால் 5.4 பிபிஎம் நைட்ரைட் வரும். கிட் அட்டையில் கடைசி நிறமே 5தான். மூன்று முறை முழு அளவு அம்மோனியா போட்டிருந்தால் நைட்ரைட் 15ஐத் தாண்டியிருக்கும்; அது 10க்கு இறங்கினாலும் அட்டையில் அதே கத்தரிப்பூ நிறம்தான். தொட்டித் தண்ணீர் ஒரு பங்கும் குழாய்த் தண்ணீர் நான்கு பங்கும் கலந்து சோதித்து, வந்த எண்ணை 5ஆல் பெருக்கிப் பாருங்கள், உண்மை தெரியும். மீன் இல்லாத தொட்டி என்றால் பாதித் தண்ணீரை மாற்றிவிட்டு அம்மோனியா போடுவதைக் குறையுங்கள்.

மற்றொரு காரணம் கேஎச், அதாவது தண்ணீரில் உள்ள கார்பனேட், தீர்ந்துபோவது. அதைப் பிறகு விரிவாகச் சொல்கிறோம், ஏனென்றால் சிங்கப்பூரில் அதிகம் பேர் வழுக்கி விழுகிற இடம் அதுதான்.

தெரியாமல் மீனை விட்டுவிட்டோம். இப்போது என்ன செய்வது?

மீனைத் திருப்பிக் கொடுக்க முடிந்தால் கொடுங்கள். முடியாவிட்டால் அடுத்த ஒரு மாதம் உங்கள் கையே ஃபில்டர்.

தினமும் ஒரே நேரத்தில் அம்மோனியாவும் நைட்ரைட்டும் அளந்து, இரண்டையும் கூட்டுங்கள். கூட்டுத்தொகை 0.5க்குள் இருந்தால் தண்ணீர் மாற்றவேண்டாம். 0.5 முதல் 1 வரை என்றால் மூன்றில் ஒரு பங்கு மாற்றுங்கள். 1ஐத் தாண்டினால் பாதி. 2ஐத் தாண்டினால் காலையில் பாதி, மாலையில் பாதி. முதல் இரண்டு நாள் தீனியே வேண்டாம், தங்கமீன் பட்டினியில் சாகாது. பிறகு ஒரு நாள் விட்டு ஒரு நாள், இரண்டு நிமிடத்தில் தின்று முடிக்கிற அளவு மட்டும். மிச்சத்தைக் குழாய் வைத்து உறிஞ்சி எடுத்துவிடுங்கள்.

அம்மோனியா 1 பிபிஎம் என்றால் எவ்வளவு ஆபத்து? ஒரு தொட்டியில் மீன் சும்மா இருக்கிறது, இன்னொன்றில் துடிக்கிறதே?

கிட் காட்டுவது மொத்த அம்மோனியா. அது தண்ணீரில் இரண்டு வடிவத்தில் இருக்கும்: செவுளைச் சுடும் அம்மோனியா, அவ்வளவாகத் தீங்கு செய்யாத அம்மோனியம். எது எவ்வளவு என்பதைப் பிஎச்சும் (தண்ணீரின் அமில-கார அளவு) சூடும் தீர்மானிக்கின்றன. 30 டிகிரியில், பிஎச் 7 என்றால் மொத்தத்தில் 0.8 சதவீதம்தான் நச்சு வடிவம். பிஎச் 8 என்றால் 7.4 சதவீதம். 20 டிகிரித் தண்ணீரில் அதே பிஎச் 8க்கு 3.8 சதவீதம்தான். குளிர்நாட்டில் எழுதிய அட்டவணையை இங்கே அப்படியே நம்பினால், ஆபத்தைப் பாதியாகக் குறைத்து மதிப்பிட்டதாகிவிடும்.

எனவே அம்மோனியாவை மட்டும் தனியாக அளந்து முடிவுக்கு வராதீர்கள். கூடவே பிஎச்சையும் தெர்மாமீட்டரையும் பாருங்கள்.

முதலில் பிஎச் 8 காட்டிய தொட்டி இப்போது 6.4 காட்டுகிறது. பிஎச் ஏற்றும் மருந்து போடலாமா?

பொறுங்கள். இந்தக் கேள்விக்கு அவசரப்பட்டுச் செய்கிற காரியம்தான் மீனைக் கொல்லும்.

பிஎச்சைத் தாங்கிப் பிடிப்பது தண்ணீரில் உள்ள கார்பனேட், அதாவது கேஎச். பாக்டீரியா 1 மில்லிகிராம் அம்மோனியா நைட்ரஜனை மாற்றும்போது 7 மில்லிகிராம் அளவுக்குக் கேஎச்சைச் செலவழிக்கிறது. முன்னே சொன்ன 1 கிராம் தீனிக் கணக்கையே எடுத்துக்கொண்டால், 60 லிட்டர் தொட்டியில் ஒரு நாளைக்குக் கால் டிகிரி கேஎச் போகும், வாரத்துக்கு 1.7 டிகிரி (இது கேஎச்சை அளக்கும் டிகிரி, சூட்டின் டிகிரி அல்ல). உங்கள் குழாய்த் தண்ணீரில் இருப்பதே 2, 3 டிகிரிதான் என்றால், இரண்டு வாரம் தண்ணீர் மாற்றாமல் விட்டால் கையிருப்பு பூஜ்யம். அதன்பிறகு பிஎச் படியில் உருளும் பானைபோல இறங்கும். 6.5க்குக் கீழே பாக்டீரியா மந்தமாகும், 6ஐ நெருங்கினால் ஏறக்குறைய வேலைநிறுத்தம். அம்மோனியா தேங்கும். ஆனால் பிஎச் குறைவாக இருப்பதால் அது அம்மோனியம் வடிவத்தில் கிடக்கும், மீனும் சோர்வாக நீந்திக்கொண்டிருக்கும்.

இப்போது பதறிப்போய் பாதித் தண்ணீரை மாற்றுகிறீர்கள். மொத்த அம்மோனியா 3இலிருந்து 1.5க்கு இறங்கியது, நல்லதுதானே என்று தோன்றும். ஆனால் குழாய்த் தண்ணீர் பிஎச்சை 6.3இலிருந்து 7.8க்கு ஏற்றிவிட்டது. முன்பு நச்சு வடிவம் 0.005 பிபிஎம், இப்போது 0.07. மொத்தம் பாதியானபோதும் நச்சு 15 மடங்கு. "தண்ணீர் மாற்றியதும் மீன் செத்துவிட்டது" என்று கேள்விப்படும் கதைகளில் பல இப்படி நடந்தவை.

செய்யவேண்டியது இதுதான். தீனியை நிறுத்துங்கள். அம்மோனியாவைக் கட்டும் கண்டிஷனர் போட்ட தண்ணீரால் ஒரு நேரத்துக்கு 10 சதவீதம் மட்டும், மூன்று மணி நேர இடைவெளியில், இரண்டு மூன்று நாளாக மாற்றுங்கள். ஒவ்வொரு முறையும் அம்மோனியாவையும் பிஎச்சையும் சேர்த்து அளங்கள். அம்மோனியா 0.5க்குள் வந்தபிறகுதான் கேஎச்சைக் கூட்டவேண்டும்.

கூட்டுவதற்குக் கடை மருந்து எதுவும் வேண்டாம், ஆப்பச்சோடா போதும். 100 லிட்டருக்கு 3 கிராம் போட்டால் கேஎச் 1 டிகிரி ஏறும். 60 லிட்டருக்கு 1.8 கிராம், கோபுரமில்லாத தேக்கரண்டியில் மூன்றில் ஒன்றுக்குச் சற்று மேல். ஒரு குவளைத் தொட்டித் தண்ணீரில் கரைத்து, ஃபில்டர் தண்ணீர் விழும் இடத்தில் மெதுவாக ஊற்றுங்கள். ஒரு நாளைக்கு 1 டிகிரிக்குமேல் ஏற்றாதீர்கள். 4 டிகிரிக்கும் 6 டிகிரிக்கும் இடையில் நிறுத்தலாம். பேக்கிங் பவுடரைப் போட்டுவிடாதீர்கள், அதில் அமிலமும் மாவும் கலந்திருக்கும்.

நீண்ட நாளைக்கு, உடைத்த பவளத் துண்டுகளை இரண்டு கைப்பிடி வலைப்பையில் கட்டி ஃபில்டருக்குள் போட்டுவைக்கலாம். பிஎச் இறங்க இறங்க அது கரைந்து ஈடுகட்டும். கேஎச் கிட் வாங்கிக்கொள்ளுங்கள். ஏபிஐ நிறுவனத்தின் கிட் என்றால் 5 மில்லி தண்ணீரில் சொட்டுச் சொட்டாக விட்டு, நீலம் மஞ்சளாக மாற எத்தனை சொட்டு என்று எண்ணினால் அத்தனை டிகிரி. ஐந்து வயதுப் பிள்ளையும் செய்யும்.

டெஸ்ட் கிட்டில் ஆளுக்கொரு நிறம் சொல்கிறோம். எப்படிப் பார்ப்பது?

சொட்டு மருந்துக் கிட்டே வாங்குங்கள், காகிதப் பட்டையில் அம்மோனியா பெரும்பாலும் இருக்காது. ஏபிஐ அம்மோனியா கிட்டில் 5 மில்லி தண்ணீருக்கு முதல் போத்தலில் 8 சொட்டு, இரண்டாவதில் 8 சொட்டு, குலுக்கி 5 நிமிடம். போத்தலை நேர்செங்குத்தாகக் கவிழ்த்துச் சொட்டவிடவேண்டும். சாய்த்தால் சொட்டின் அளவு மாறும். நைட்ரேட் கிட்டில் இரண்டாம் போத்தலை 30 விநாடி நன்றாகக் குலுக்கவேண்டும், பிறகு கலந்த குழாயை ஒரு நிமிடம் குலுக்கவேண்டும். அந்த மருந்தில் கரையாத பொருள் அடியில் தங்கிவிடும். குலுக்காதவர்களுக்கு நைட்ரேட் எப்போதும் பூஜ்யம்தான்!

நிறத்தைப் பகலில் ஜன்னல் பக்கம் வைத்துப் பாருங்கள். கூடத்தின் மஞ்சள் எல்இடி வெளிச்சத்தில் 0 கூட 0.25ஆகத் தெரியும்.

மீன் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடுகிறது. பசியா?

எல்லா மீனும் ஒன்றாக, விடாமல் அப்படிச் செய்தால் பசி இல்லை, மூச்சு முட்டுகிறது. 20 டிகிரித் தண்ணீரில் லிட்டருக்கு 9.1 மில்லிகிராம் ஆக்சிஜன் கரையும். 30 டிகிரியில் 7.5தான். அதே நேரம் சூட்டில் மீனுக்கு மூச்சுத் தேவை கூடும். ஏர் ஸ்டோன் போட்டு, ஃபில்டர் வாயைத் தண்ணீர் மட்டத்தைக் கலக்கும்படி வையுங்கள். சின்ன மேசை விசிறியைத் தண்ணீர்மேல் படும்படி வைத்தால் 2, 3 டிகிரி இறங்கும். ஆவியாகும் தண்ணீருக்கு ஈடாகக் கண்டிஷனர் போட்ட தண்ணீர் ஊற்றிக்கொண்டே வரவேண்டும்.

காற்று நன்றாக ஓடியும் திணறினால் நைட்ரைட்டை அளங்கள். நைட்ரைட் இரத்தத்தை ஆக்சிஜன் சுமக்கவிடாது, செவுள் பழுப்பேறும். இதற்கு உப்பு கைகொடுக்கும். லிட்டருக்கு 1 கிராம், 60 லிட்டருக்கு 60 கிராம் கல்லுப்பு, கரைத்து இரண்டு தவணையாக ஊற்றவும். உப்பிலுள்ள குளோரைடு செவுள் வாசலில் நைட்ரைட்டுக்குப் போட்டியாக நிற்கும். அம்மோனியாவுக்கு உப்பு மருந்தல்ல. எதற்கெடுத்தாலும் உப்பு போடுகிற பழக்கமும் வேண்டாம். தண்ணீர் மாற்றினால்தான் அது வெளியேறும், ஆவியாகாது.

நான்காம் நாள் தண்ணீர் அரிசி கழுவியதுபோல வெளுத்துவிட்டது.

மிதக்கும் வேறு வகை பாக்டீரியா பெருகியிருக்கிறது. மிச்சத் தீனி அதன் விருந்து. தீனியைக் குறைத்துக் காற்றைக் கூட்டுங்கள், சில நாளில் தானே தெளியும். மொத்தத் தண்ணீரையும் கொட்டிவிட்டுப் புதிதாகத் தொடங்கினால் அதே கதை மறுபடி தொடங்கும். பச்சையாக மாறினால் வெயில் அதிகம். தொட்டியை ஜன்னலிலிருந்து நகர்த்தி, விளக்கை ஆறு மணி நேரத்துக்குக் குறையுங்கள். கண்ணாடியில் பழுப்புத் தூள் படிந்தால் துடைத்துவிடுங்கள், புதுத் தொட்டியில் அது வழக்கம்.

ஃபில்டரை எப்போது கழுவவேண்டும்?

தண்ணீர் வரத்து குறையும்போது மட்டும். தொட்டியிலிருந்து எடுத்த பழைய தண்ணீரை வாளியில் வைத்து, ஸ்பாஞ்சை நான்கைந்து முறை பிழிந்தால் போதும். குழாயடியில் வெள்ளை வெளேரென்று கழுவினால் குளோரமைன் பாக்டீரியாவைக் கொல்லும். "மாதம் ஒருமுறை மாற்றவும்" என்று அட்டைப்பெட்டியில் போட்டிருக்கும் கார்பன் கேட்ரிட்ஜை அப்படியே நம்பாதீர்கள். பாக்டீரியா குடியிருப்பதே அதில்தான் என்றால், அதைத் தூக்கிப்போட்ட அன்று உங்கள் தொட்டி மறுபடி புதுத் தொட்டி.

பழகிய பிறகு வாரம் எவ்வளவு தண்ணீர் மாற்றலாம்? தண்ணீர்க் கட்டணம்?

30 முதல் 50 சதவீதம். நைட்ரேட் 40ஐத் தாண்டாமல் இருக்கவேண்டும், 20க்குள் என்றால் இன்னும் நல்லது. கட்டணத்தைப் பற்றிக் கவலை வேண்டாம்: 2025 ஏப்ரல் 1 முதல் வீடுகளுக்கு மாதம் 40 கனமீட்டர் வரை, ஜிஎஸ்டி நீங்கலாகக் கனமீட்டருக்கு 3.24 வெள்ளி. வாரம் 30 லிட்டர் மாற்றினால் மாதத்துக்கு 40 காசு சுற்றுவட்டாரம்தான். கொட்டுகிற தண்ணீரைத் தாழ்வாரத்துக் கறிவேப்பிலைக்கு ஊற்றுங்கள், செழித்து வளரும். உப்பு போட்டிருந்தால் மட்டும் ஊற்றாதீர்கள்.

வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) புளோக்கில் தண்ணீர்த் தொட்டி சுத்தம் செய்யப்போவதாக மின்தூக்கி அருகே அறிவிப்பு ஒட்டினால், அன்றும் மறுநாளும் தண்ணீர் மாற்றவேண்டாம்.

தொட்டி கூடத்தில், சாமி மாடத்துக்குப் பக்கத்தில் இருக்கிறது. பரவாயில்லையா?

ஏர் பம்ப் அறைக் காற்றை உறிஞ்சி நேராகத் தண்ணீருக்குள் விடுகிறது என்பதை நினைவில் வையுங்கள். சாம்பிராணி போடும் வேளையில் பம்பைக் கொஞ்ச நேரம் நிறுத்தலாம், அல்லது பம்பை வேறு பக்கம் வைத்துக் காற்றுக்குழாயை நீட்டிக்கொள்ளலாம். தாளிப்புப் புகை வரும் இடமென்றால் தண்ணீர்மேல் எண்ணெய்ப் படலம் கட்டும். சமையலறைக் காகிதத்தை மேலே விரித்து எடுத்தால் ஒட்டிக்கொண்டு வந்துவிடும்.

இதைவிட முக்கியம் கொசு மருந்து. புகை மருந்திலும் ஸ்பிரேயிலும் உள்ள பைரித்ராய்டு வகை மருந்து மனிதருக்கு அவ்வளவாகத் தீங்கு செய்யாவிட்டாலும் மீனுக்கு மிகச் சிறு அளவிலேயே எமன். கீழே புகை அடிக்கும் சத்தம் கேட்டதும் ஜன்னலைச் சாத்துங்கள், தொட்டியை ஈரத்துண்டால் மூடுங்கள், ஏர் பம்பை ஒரு மணி நேரம் நிறுத்துங்கள். ஃபில்டர் ஓடட்டும்.

மணி பிளாண்ட் வைத்தால் தண்ணீர் மாற்றவேண்டாமாமே? வாதாம் இலை?

மணி பிளாண்ட் வேர் நைட்ரேட்டை உறிஞ்சும், உண்மை. ஆனால் தண்ணீர் மாற்றுவதற்கு அது ஈடல்ல. தங்கமீன் வேரைக் கொறிக்கும், ஆகவே மேல் ஃபில்டர் பெட்டிக்குள் வேரை விடுங்கள். நடைபாதையோரம் விழுந்து கிடக்கும் வாதாம் இலை, மலாயில் கெத்தாப்பாங், பெட்டா மீனுக்கு நல்லது. அது பிஎச்சை இறக்கும் பக்கம்தான் இழுக்கும். கேஎச் குறைந்த தங்கமீன் தொட்டியில் அதற்கு வேலை இல்லை.

தீபாவளிக்கு ஐந்து நாள் ஊருக்குப் போகிறோம். மீனுக்கு யார் தீனி போடுவது?

யாரும் போடவேண்டாம். நன்றாக இருக்கும் வளர்ந்த மீன் ஐந்து நாள் தீனி இல்லாமல் இருக்கும். கரையும் விடுமுறைத் தீனிக் கட்டியையும் போடாதீர்கள், இந்தச் சூட்டில் அது தண்ணீரைக் கெடுக்கும். கிளம்புவதற்கு இரண்டு நாள் முன்பே தண்ணீரை மாற்றிவிடுங்கள், கிளம்பும் அன்று மாற்றினால் ஏதாவது கோளாறு வந்தால் கவனிக்க ஆள் இல்லை. ஏர் பம்ப் சுவிட்சின்மேல் ஒரு ஒட்டுக்காகிதம் ஒட்டுங்கள்: "அணைக்காதீர்கள்". மின்சாரத்தை மிச்சப்படுத்துவதாக நினைத்து, வீட்டைப் பூட்டும்போது எல்லாச் சுவிட்சையும் தட்டிவிட்டுப் போகிறவர் எல்லா வீட்டிலும் ஒருவர் உண்டு.